தொண்ணூறு நாட்களும் சில சொற்களும்

லண்டன், நவம்பர் 12

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கும் அண்ணியார் அவர்களுக்கும்,

அயல்நாட்டுப் பயணத்தில் நேரும் இடறல்களைப் பணத்தால் வருபவை, உடல்நலத்தால் வருபவை, வானிலையால் வருபவை எனப் பகுத்துக் கூறுவது பயண நூல்களின் வழக்கம். எனினும், போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம் ஆகிய நான்கு நாடுகளில் சென்ற கோடை முழுவதையும் கழித்துத் திரும்பிய ஒரு தம்பதியரின் குறிப்பேட்டைப் புரட்டினால், அவர்கள் பட்ட பாடுகளுள் பெரும்பாலானவற்றின் அடியில் ஒரே ஒரு சொல் கிடப்பதும், அது அவர்களுக்குப் புரியாத சொல்லாக இல்லாமல், புரிந்துவிட்டதாக அவர்கள் நம்பிய சொல்லாக இருப்பதும் தெரியவருகிறது. புரியாத சொல்லைக் கண்டபோதெல்லாம் அவர்கள் நின்று நாலு பேரை விசாரித்து நலமே பெற்றார்கள். புரிந்த சொல்லைக் கண்டபோதுதான் யாரையும் கேளாமல் உள்ளே போனார்கள்.

இக்கடிதம் படர்க்கையில் அமைந்திருப்பதற்குக் காரணம் கூறிவிடுவது முறை. முதல் வரைவு தன்மையிடத்தில் கணவரால் எழுதப்பட்டது. அதைப் படித்த மனைவி, "நான்" என்று வரவேண்டிய எட்டு இடங்களில் "நாங்கள்" என்றும், "நாங்கள்" என்று வரவேண்டிய மூன்று இடங்களில் "அவள்" என்றும் வந்திருப்பதைச் சிவப்பு மையால் சுழித்துக் காட்டினார். நெடிய பேச்சுவார்த்தைக்குப் பின், இருவரும் "கணவர்", "மனைவி" என்றே சுட்டப்படுவர் என்றும், சர்ச்சைக்கு இடமான செயல்கள் அனைத்தும் செயப்பாட்டு வினையில் கூறப்படும் என்றும் உடன்பாடு ஏற்பட்டது. ஆகவே "சாவி உள்ளே வைக்கப்பட்டது" என்பது போன்ற தொடர் எதிர்ப்படும்போது, வைத்தவர் யார் என்று தொலைபேசியில் கேட்காதிருக்குமாறு தாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.

பயணத்தின் நீளத்தைத் தீர்மானித்தது தம்பதியரின் விருப்பம் அன்று. லக்சம்பர்க் நாட்டில் மோசல் ஆற்றங்கரையில் ஷெங்கன் என்றொரு சிற்றூர் உள்ளது. அதனருகே ஆற்றில் நின்ற கப்பலொன்றில் 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையிலிருந்து வளர்ந்ததே, இன்று 29 நாடுகளைத் தழுவி நிற்கும் ஷெங்கன் பகுதி. அப்பகுதிக்குள் நாடு விட்டு நாடு செல்லக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டியதில்லை என்பது அதன் வசதி. லண்டனில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் இந்தியக் கடவுச்சீட்டையே வைத்திருப்போர், எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் 90 நாட்களுக்கு மேல் அங்கே தங்கலாகாது என்பது அதன் வசதியின்மை. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாட்களாகவே எண்ணப்படுவதால், மே 20 முதல் ஆகஸ்ட் 15 வரை 88 நாட்கள் என்று திட்டமிடப்பட்டு, இரண்டு நாட்கள் கையிருப்பாக விடப்பட்டன. கணக்கை மனைவி ஏற்றுக்கொண்டார். தாங்கள் கும்பகோணத்திலிருந்து அனுப்பியிருந்த தினசரிக் காலண்டர் பெட்டியில் ஏறியது. ஒவ்வொரு காலையும் ஒரு தாள் கிழிக்கப்பட்டு, அதன் பின்புறத்தில் நாளின் எண் எழுதப்பட்டு, ரப்பர் வளையத்தில் சேர்க்கப்பட்டது.

முதல் ஊராகிய லிஸ்பன், தமிழருக்குத் தேவைக்கு மேற்பட்ட தன்னம்பிக்கையைத் தரும் ஊர். பதினாறாம் நூற்றாண்டிலிருந்து போர்ச்சுகீசியர் நம் கடற்கரைகளில் வணிகமும் சமயமும் நடத்தியதன் பயனாக ஜன்னல், மேசை, அலமாரி, துவாலை, கோப்பை, வராந்தா, ஏலம் முதலிய சொற்கள் அவர்கள் மொழியிலிருந்து நம் வீடுகளுக்குள் வந்து குடியேறிவிட்டன. அங்கே ஜன்னல் "ஜனேலா", மேசை "மேஸா", அலமாரி "அர்மாரியு", சாவி "ஷாவ்". அல்ஃபாமா என்னும் பழைய பகுதியில், 1755 நவம்பர் 1 அன்று நகரின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்திற்கும் பெரிதும் தப்பி நிற்கும் சந்துகளுள் ஒன்றில், நான்காம் மாடியில் வாடகைக்கு எடுக்கப்பட்ட வீட்டிற்குள் நுழைந்தவுடனேயே, அங்கிருந்த தட்டுமுட்டுச் சாமான்களில் பாதியின் பெயரைத் தம்மால் சொல்ல முடிவதைக் கண்ட கணவர், மொழிச் சிக்கல் தீர்ந்தது என்று அறிவித்தார்.

இவ்வறிவிப்புக்கு 23 நாட்கள் கழித்து, ஜூன் 12 இரவு, சாவி உள்ளே வைக்கப்பட்டுக் கதவு வெளியே இழுத்துச் சாத்தப்பட்டது. தென் ஐரோப்பிய வீட்டுக் கதவுகள் பலவற்றில் வெளிப்புறம் திருகக்கூடிய கைப்பிடி இராது. அசையாத ஒரு குமிழ் மட்டுமே இருக்கும். சாத்தினால் தாமே பூட்டிக்கொள்ளும், சாவியின்றித் திறவா. அன்றிரவு லிஸ்பனில் பிறந்த புனித அந்தோனியாரின் திருவிழா. கச்சத்தீவிலும் உவரியிலும் புளியம்பட்டியிலும் தமிழர் கும்பிடும் அதே அந்தோனியார்தான். இத்தாலியின் பதுவா நகரில் 1231-இல் மறைந்ததால் உலகம் அவரைப் பதுவைக்காரர் என்று அழைப்பது குறித்து லிஸ்பன்வாசிகளுக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. திருவிழா இரவில் அல்ஃபாமாவின் ஒவ்வொரு வாசலிலும் கரியடுப்பு வைத்து மத்தி மீன் சுடுவது வழக்கமாதலால், மரக்கறி உண்ணும் இருவர் புகைக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியேறியதே கதவு சாத்தப்பட்டதற்கு முதற்காரணம் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

எதிர்வீட்டு மூதாட்டியிடம் மனைவி "சாவி, சாவி" என்று கூறிக் கதவைக் காட்டினார். ஐந்நூறு ஆண்டுக்காலக் கடல் வணிகம் அக்கணத்தில் பயன் தந்தது. மூதாட்டிக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் மேலே கைகாட்டி "ஜனேலா" என்றார். திறந்திருந்த ஜன்னல் நான்காம் மாடியில் இருந்ததால் அச்சொல் விளங்கியும் பயனில்லை. தொலைந்த பொருட்களை மீட்டுத் தருபவர் அந்தோனியார் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. அவரை வேண்டிக்கொள்ளும்படி மூதாட்டி சைகையால் அறிவுறுத்தியபோது, எங்கே இருக்கிறதென்று துல்லியமாகத் தெரிந்த சாவி தொலைந்த சாவி ஆகுமா, அது புனிதரின் அதிகாரத்துக்குள் வருமா என்று கணவர் தமிழில் ஐயம் எழுப்பினார். இவ்வையம் மொழிபெயர்க்கப்படவில்லை. மறுநாள் ஜூன் 13 லிஸ்பன் நகருக்கு விடுமுறையாதலால் பூட்டுத் திறப்பவர் எவரும் அகப்படாமல், வீட்டுக்காரர் மாற்றுச் சாவியோடு வந்து சேர நண்பகல் ஆயிற்று. அவ்விரவு முழுவதும் மூதாட்டி அளித்த இரண்டு முக்காலிகளும், திருவிழாவில் ஒருவருக்கொருவர் பரிசளிக்கும் "மன்ஜெரிகு" என்னும் சிற்றிலைச் செடியொன்றுமே தம்பதியரின் உடைமைகளாக இருந்தன. அச்செடி நம் திருநீற்றுப்பச்சிலையின் நெருங்கிய உறவு. மூக்கை வைத்து மோந்தால் வாடிவிடும் என்பது அவ்வூர் நம்பிக்கையாதலால், உள்ளங்கையால் தடவிக் கையைத்தான் மோந்துகொள்ள வேண்டும். துளசிக்கு இதைவிட மரியாதை நம்மூரிலும் இல்லை என்று மனைவி குறித்துள்ளார்.

உணவகத்தில் உட்கார்ந்ததும் கேளாமலேயே கொண்டுவந்து வைக்கப்படும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி ஆகியவை "கூவேர்" எனப்படும். இலையில் வைத்ததை மிச்சம் வைக்காமல் உண்பது மரியாதை என்று வளர்க்கப்பட்டோர், தொட்டால் காசு, தொடாவிட்டால் இல்லை என்னும் விதியை அறிய மூன்று உணவகங்கள் தேவைப்பட்டன. இவ்வகையில் போர்ச்சுகலைக் குறை கூறுவதற்கில்லை. உயரமான கண்ணாடிக் குவளையில் பால் மிகுதியாக விட்டுத் தரும் "கலாவ்" என்னும் காப்பி, நுரை ஒன்று நீங்கலாக, கும்பகோணம் டபராவுக்கு மிக அருகில் வரும் ஐரோப்பியப் பானம் என்பது இருவரும் சண்டையின்றி ஒப்புக்கொண்ட சில முடிவுகளுள் ஒன்று.

போர்ச்சுகலின் தென்கிழக்குக் கோடியில் குவாதியானா ஆறு எல்லையாக ஓடுகிறது. இக்கரையில் விலா ரியால் ட சாந்து அந்தோனியு. அக்கரையில் ஸ்பெயினின் ஆயமோந்தே. படகுப் பயணம் கால்மணி நேரம்தான். கடிகாரப்படி ஒன்றேகால் மணி நேரம். 1940-இல் ஃபிராங்கோ ஆட்சி ஸ்பெயினின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி மத்திய ஐரோப்பாவோடு சேர்த்தது. போருக்குப் பின்னும் அது திருப்பி வைக்கப்படவில்லை. போர்ச்சுகலும் 1992 முதல் 1996 வரை அந்நேரத்தைக் கைக்கொண்டு பார்த்து, ஒத்துவராமல் கைவிட்டது. இவ்வரலாறு முழுவதையும் கணவர் படகில் விளக்கிக்கொண்டே வந்தார். ஆனால் அவருடைய கைக்கடிகாரம் மாற்றப்படவில்லை. செவில் நகருக்குச் செல்லும் பேருந்து போய்விட்டிருந்தது.

அதே கடிகாரத்தின் விளைவாக, ஜூன் மாதச் செவிலில் சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகிறது; சமையலறைகள் எட்டரை மணிக்கு முன் திறப்பதே அரிது. ஏழரை மணிக்கு இரவுணவு முடித்துப் பழகிய வயிறுகள் முதல் வாரம் முழுவதும் ரொட்டிக் கடைகளையே நம்பியிருந்தன. அங்கேதான் "வெஹெதால்" என்னும் சொல் எதிர்ப்பட்டது. தாவரம் சார்ந்தது என்பதே அதன் அகராதிப் பொருள். சாண்ட்விச் வெஹெதால் என்று எழுதிய பலகையைக் கண்டு மகிழ்ந்து வாங்கியதில் கீரை இலை, தக்காளி, அவித்த முட்டை ஆகியவற்றோடு சூரை மீனும் இருந்தது. கேட்டபோது, வெஹெதாலில் அத்துன் போடாமல் எப்படி என்று கடைக்காரர் வியந்தார். அத்துன் என்பது சூரை. அடுத்த நாள் மேலும் எச்சரிக்கையாக, இறைச்சி இல்லாமல் என்னும் பொருளில் "சின் கார்னே" என்று கேட்டு வாங்கிய அவரைக்காயில் உப்புக்கண்டமாகப் பதப்படுத்திய பன்றித்தொடைத் துணுக்குகள் தூவப்பட்டிருந்தன. அது ஹமோன், பல சமையலறைகளில் ஹமோன் இறைச்சிக் கணக்கில் சேராது, மணத்துக்குச் சேர்ப்பது, நாம் பெருங்காயம் சேர்ப்பதுபோல. இறுதியில் செவில்காரர்களே காப்பாற்றினார்கள்: கீரையும் கொண்டைக்கடலையும் சீரகமும் சேர்த்துச் செய்யும் கூட்டு ஒன்று அந்நகரின் பழம்பெரும் பண்டம். அதைப் பதினொரு நாட்கள் தொடர்ந்து உண்டதாகக் குறிப்பேடு கூறுகிறது.

ஸ்பானியர் ஒவ்வொருவருக்கும் தந்தைவழிக் குடும்பப்பெயர் ஒன்றும் தாய்வழிக் குடும்பப்பெயர் ஒன்றுமாக இரண்டு உண்டு. தமிழருக்கோ குடும்பப்பெயரே இல்லை, முன்னெழுத்து மட்டுமே உண்டு. கடவுச்சீட்டின் குடும்பப்பெயர்க் கட்டத்தில் கணவருக்கு அவர் தந்தையாரின் பெயரும், மனைவிக்குக் கணவரின் பெயரும் நிரப்பப்பட்டிருந்ததால், விடுதிக்காரர் கணவரை, காலமாகி முப்பது ஆண்டுகளான அப்பாவின் பெயரைச் சொல்லி "செஞோர்" என்று நாள்தோறும் வணங்கினார். மனைவியைக் கணவர் பெயரால் "செஞோரா" என்றார். அப்பாவுக்கு இத்தனை மரியாதை அவர் வேலைபார்த்த காலத்தில்கூடக் கிடைத்ததில்லை என்பதைத் தாங்களும் அறிவீர்கள். கிரனடாவின் அல்ஹம்ப்ரா கோட்டையில் நஸ்ரீது அரண்மனைகளுக்கான நுழைவுச்சீட்டு ஆள்பெயருக்கே எழுதப்படுவது. குறித்த அரைமணிக்குள் நுழையாவிட்டால் செல்லாது. சீட்டில் பெயர் ஒரு வரிசையிலும் கடவுச்சீட்டில் வேறு வரிசையிலும் இருந்ததால், தந்தை பெயர் எது, தன் பெயர் எது என்று காவலருக்கு விளக்குவதிலேயே 26 நிமிடங்கள் கழிந்தன.

இத்தாலிக்கு வந்தபோது காலண்டர்த் தாள்களின் கட்டு நாற்பதைத் தாண்டியிருந்தது. அந்நாட்டு வீடுகளின் மின் ஒப்பந்தம் பொதுவாக 3 கிலோவாட் அளவினது. அதற்கு மேல் இழுத்தால் மீட்டர் தானே துண்டித்துக்கொள்ளும். பழைய கட்டடங்களில் மீட்டர்கள் அனைத்தும் தரைத்தளத்தில் ஒரே பெட்டியில் இருக்கும். இட்லி வேகும்போது துணி துவைக்கும் இயந்திரம் இயக்கப்பட்டது. 62 படிகள் இறங்கப்பட்டு, ஏறப்பட்டன. வெந்நீர்க் கலம் இயங்கிக்கொண்டிருந்தது நினைவுக்கு வராததால் மீண்டும் இறங்கப்பட்டன. ஃபிளாரன்சில் இருந்த நாட்களில் கணவரின் முழங்கால் வலிக்கு இதைத் தவிர வேறு மருத்துவக் காரணம் இல்லை.

வட்டார ரயில்களுக்கான காகிதச் சீட்டை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் செருகி நாளும் நேரமும் பொறித்துக்கொள்ள வேண்டும். "கொன்வாலிதாரே" எனப்படும் இச்சடங்கு நிகழாதவரை சீட்டு வெறும் காகிதமே என்பதைப் பரிசோதகர் நல்ல ஆங்கிலத்தில் விளக்கி, அதற்கான தொகையையும் பெற்றுக்கொண்டார். வேலைநிறுத்தமோ எதிர்பாராத இன்னல் அன்று. "ஷோப்பெரோ" என்று பெயர் பெற்ற அது, 1990-ஆம் ஆண்டின் 146-ஆம் எண் சட்டப்படி முன்னறிவித்தே நிகழ வேண்டுவது. அமைச்சகமே நாள் பட்டியலை வெளியிடுகிறது. பணிநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும் என்னும் ஏற்பாடும் உண்டு. இதை அறிந்த பிறகு மனைவி, காலண்டர்த் தாள்களில் ராகுகாலம், எமகண்டம் ஆகியவற்றின் கீழே மூன்றாம் வரியாக ஷோப்பெரோவையும் எழுதலானார். மூன்றனுள் தவறாமல் பலித்தது கடைசிதான்.

ரோம் நகரில் மிளகும் பாலாடைக்கட்டியும் மட்டும் சேர்த்துச் செய்யும் "காச்சோ எ பேபே" என்னும் மாவுணவு, மனைவியின் முழு நம்பிக்கைக்குப் பாத்திரமாயிற்று. ரோமானியப் பேரரசு தென்னிந்திய மிளகைக் கப்பல் கப்பலாக இறக்கி, நகரின் நடுவே அதற்கென்றே பண்டகசாலை கட்டி வைத்திருந்தது. யவனர் மிளகுக்குப் பொன் கொடுத்த கதையை மேசையில் கணவர் எடுத்துரைக்க, பக்கத்து மேசைக்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாலாடைக்கட்டியாகிய பெக்கொரீனோ ரொமானோவை உறையவைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியே பயன்படுகிறது என்று விடைபெறும்போது அவர்தான் தெரிவித்தார். மனைவி அப்போது கைகழுவச் சென்றிருந்தார். இத்தகவல் கணவரால் ஒன்பது நாட்கள் தம்மிடமே வைத்துக்கொள்ளப்பட்டது.

நேப்பிள்ஸ் நகரிலிருந்து மகாலட்சுமியின் படம் ஏன் அனுப்பப்படவில்லை என்று அண்ணியார் இருமுறை கேட்டதற்கு இங்கே விடை கூற வேண்டும். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரை அகழ்ந்தபோது, 1938-இல், இந்தியாவில் செதுக்கப்பட்ட தந்தச் சிற்பம் ஒன்று கிடைத்தது. ஒரு சாணுக்குச் சற்றே மிகுந்த உயரமுடைய அதைப் பொம்பெய் லட்சுமி என்றே உலகம் அழைக்கிறது. "லட்சுமி" என்னும் சொல் புரிந்த சொல்லாதலால், தரிசனம் செய்யப்போவதாக வெள்ளிக்கிழமையன்றே கும்பகோணத்துக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டது. செவ்வாய்க்கிழமை காலை குளித்துவிட்டுச் சென்றபோது அருங்காட்சியகம் மூடியிருந்தது. செவ்வாய் அதன் வார விடுமுறை. புதனன்று சென்றபோது, லட்சுமி எங்கே என்று வினவியதற்கு, "கபினெத்தோ செக்ரெத்தோ" என்று காவலர் வழிகாட்டினார். மறைவறை என்பது அதன் பொருள். கருவறைபோன்ற தனி மரியாதை போலும் என்று கருதி உள்ளே நுழைந்த பிறகுதான், பொம்பெய் மக்களின் படுக்கையறைச் சித்திரங்களையும் அவற்றை ஒத்த பிற பொருட்களையும் பொதுமக்கள் பார்வையிலிருந்து நீண்டகாலம் ஒதுக்கி வைத்திருந்த அறை அது என்று தெரியவந்தது. நடுவே அணிகலன்களை மட்டுமே உடுத்து நின்ற அச்சிற்பம் லட்சுமி அன்று, இயக்கியாக இருத்தல் கூடும் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். மனைவியின் கருத்தும் அஃதே. சிற்பம் மட்டும் தெரியும்படியும் பின்னணி தெரியாதபடியும் படம் எடுக்க நான்கு முறை முயன்றும் இயலவில்லை. கை வேலைப்பாடு மிக நேர்த்தி என்பதை மட்டும் எழுத்தில் தெரிவித்துக்கொள்கிறார்கள்.

இடையில் ஜூலை 10 அன்று நிகழ்ந்தது ஒன்று வரிசைப்படி முன்னரே வந்திருக்க வேண்டும். ஆயினும் அது முடியாத கதையாதலால் கடைசிக்கு ஒதுக்கப்படுகிறது.

இத்தாலியின் பாரி துறைமுகத்திலிருந்து ஓரிரவுக் கப்பலில் கிரேக்கத்தின் பத்ரா சென்று, ஏதென்ஸ் வழியாக நாக்சோஸ் தீவை அடைந்தபோது ஆகஸ்ட் பிறந்திருந்தது. ஆகஸ்ட் 15 அன்னை மரியாவின் பெருநாள். அதற்கு முந்தைய பதினான்கு நாட்களும் கிரேக்கத் திருச்சபையில் விரத நாட்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் பொதுவாக ஆகாது. விரதத்துக்கு ஏற்ற உணவு "நிஸ்தீசிமோ" எனப்படும். இச்சொல்லைக் கண்டுபிடித்த நாள் தம்பதியரின் பயணத்தில் பொன்னாள். ஸ்பெயின் பாடம் முடிந்து, பெக்கொரீனோ உண்மையும் வெளிப்பட்டுவிட்ட நிலையில், சமயமே பொறுப்பேற்ற மரக்கறி கிடைத்துவிட்டது என்று எண்ணிக் கடலோர உணவகத்தில் "நிஸ்தீசிமோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தார்கள். எட்டுக் கைகளும் சுட்டு வாட்டப்பட்ட ஓர் ஆக்டோபஸ் எலுமிச்சைத் துண்டோடு வந்தது. செங்குருதி இல்லாத கடலுயிர்கள் விரதத்தில் விலக்கப்படாதவை என்பது கிரேக்க வழக்கு. உணவகக்காரர் நல்லவர், முகத்தைப் பார்த்ததும் அதை எடுத்துச் சென்று, "ஃபாவா" என்னும் பருப்பு மசியலைக் கொண்டுவந்தார். வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் விட்ட அதற்குத் தாளிப்பு ஒன்றுதான் குறை. தாளிப்பு வீட்டிலேயே நிறைவேற்றப்பட்டது. ஆனால் அதனோடு சட்னியும் அரைக்கப்பட்ட நேரம் பிற்பகல் மூன்றரை. கோடையில் மூன்று மணி முதல் ஐந்தரை வரை பொது அமைதி நேரம் என்று சட்டமே வகுத்திருக்கும் நாட்டில், கோவையில் செய்த மிக்ஸியின் குரல் தெருக்கோடி வரை கேட்டதாம்.

ஈஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வடக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றுக்கு மெல்தேமி என்று பெயர். வானம் பளிங்குபோல் இருக்கும்; கடல் மட்டும் கொதிக்கும். பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805-இல் வகுத்த, 0 முதல் 12 வரை செல்லும் காற்றளவில் 8, 9 என்று எண் ஏறும்போது துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். தடை என்னும் பொருளில் "அபகொரெஃப்திகோ" என்று இதற்குப் பெயர். ஆகஸ்ட் 13 அன்று, 86 என்று எண்ணிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பயணச்சீட்டு அலுவலகத்தில் கணவர் "நாளை கப்பல் உண்டா?" என்று கேட்டார். அங்கிருந்தவர் புருவத்தை உயர்த்தித் தலையைச் சற்றே மேல்நோக்கி அசைத்தார். கிரேக்கரிடம் இதற்கு "இல்லை" என்று பொருள். தமிழரிடம் இதற்கு "என்ன?" என்று பொருள். ஆகவே கணவர் கேள்வியை மீண்டும் உரக்கக் கேட்டார். அவர் மீண்டும் தலையை உயர்த்தினார். மூன்றாம் முறை கேள்வி அசை பிரித்துக் கேட்கப்பட்டது. அதன்பின் அவர், காத்திருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் வினவ, கணவர் நம் வழக்கப்படி தலையை இருபக்கமும் ஆட்டினார். அது மறுப்பாகக் கொள்ளப்பட்டு, காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதப்படவில்லை. "ஆம்" என்பதற்குக் கிரேக்கச் சொல் "நே" என்பதை அறிந்திருந்தும், அது இல்லை என்பதுபோல் ஒலிப்பதால் பயன்படுத்தத் துணிவு வரவில்லை.

தடை 15-ஆம் நாள் இரவில்தான் நீங்கியது. அதற்குள் பெருநாள் கூட்டம் இடங்களையெல்லாம் பிடித்துவிட்டிருந்தது. அண்டைத் தீவாகிய தீனோசின் மாதா கோயிலுக்கு, நம் அங்கப்பிரதட்சிணம்போல, துறைமுகத்திலிருந்தே முழங்காலால் ஊர்ந்து செல்வோர் திரளும் நாள் அது. 16 மாலை கிடைத்த கப்பலின் மேல்தளத்தில், உப்புக் காற்றில், மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு ஏதென்ஸ் சேர்ந்து, 17 அன்று விமானம் ஏறினார்கள். நிலைய அதிகாரி கடவுச்சீட்டின் முத்திரையைப் பார்த்து விரல்விட்டு எண்ணத் தொடங்கியபோது, மனைவி ரப்பர் வளையமிட்ட காலண்டர்த் தாள்களை எடுத்து முன்னே வைத்தார். கடைசித் தாளில் 90 என்று எழுதியிருந்தது. அதிகாரி தலையை மேல்நோக்கி அசைக்கவில்லை.

இனி ஜூலை 10. தஸ்கனிப் பகுதியில் மூன்று நாட்களுக்கு மட்டும் ஒரு கார் வாடகைக்கு எடுக்கப்பட்டது. இத்தாலியின் பழைய நகரங்களுள் பலவற்றின் உள்வட்டம், உள்ளூர்வாசிகளின் வண்டிகளும் உரிமம் பெற்றவையும் நீங்கலாகப் பிற வண்டிகள் நுழையலாகாத "கட்டுப்படுத்தப்பட்ட போக்குவரத்து மண்டலம்" ஆகும். தடுப்புக்கட்டையோ காவலரோ இரார். மேலே ஒரு கேமரா இருக்கும், அருகே ஒளிரும் பலகை இருக்கும். மதில் சூழ்ந்த அத்தகைய நகரொன்றின் வாயிலில் பலகை "வார்கோ அத்தீவோ" என்று ஒளிர்ந்தது. வார்கோ என்பது வாயில். அத்தீவோ என்பது செயல்படுவது. வாயில் செயல்படுகிறது என்றால் திறந்திருக்கிறது என்றுதானே பொருள் என்னும் தருக்கம் ஏற்கப்பட்டு, கார் உள்ளே செலுத்தப்பட்டது. வாயிலின் வேலை தடுப்பது; செயல்படுகிறது என்றால் தடை நடப்பில் உள்ளது; செயல்படவில்லை என்று எழுதியிருந்தால்தான் நுழையலாம். வெளியேறும் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி அதே வாயிலுக்கு வந்தபோதெல்லாம், பலகை அவ்வாறே ஒளிர்ந்து, இவர்கள் செய்வது சரியென்றே உறுதிப்படுத்திக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் வாடகைக் கார் நிறுவனம், ஓட்டியவரின் முகவரியை நகராட்சிக்குத் தெரிவித்ததற்கான கட்டணத்தைக் கடன் அட்டையில் பிடித்துக்கொண்டது. அக்டோபரில் நகராட்சியின் அழகிய சின்னம் பொறித்த உறைகள் பதிவுத் தபாலில் வந்தன. ஐந்து நாட்களுக்குள் செலுத்தினால் அபராதத்தில் 30 விழுக்காடு குறையும் என்பது உறைக்குள் எழுதியிருந்தது. உறைகளோ, தீபாவளிப் பலகாரங்கள் முடிந்தபின் ஆற அமரப் படிக்கலாம் என்று ஃப்ரிட்ஜின் மேல் வைக்கப்பட்டிருந்தன. எட்டாம் நாள் பிரிக்கப்பட்டன.

இதுவரை வந்தவை இரண்டு உறைகள். கேமராவின் கீழே கார் சென்றது மூன்று முறை என்பது மனைவியின் கணக்கு. மனைவியின் கணக்கு இப்பயணத்தில் ஒருமுறையும் பிழைத்ததில்லை. வெளிநாட்டில் வசிப்போருக்கு அறிவிப்பு அனுப்ப இத்தாலியச் சட்டம் அளிக்கும் காலம் 360 நாட்கள். புதிய காலண்டரை அண்ணியார் மார்கழிக்கு முன்பே அனுப்பிவைத்தால் நலம். ஜூலை 10 முதல் எண்ணினால் இன்றோடு 125 நாட்கள் கழிந்து, 235 மீதம் உள்ளன.